லைக் வருது... ஆர்டர் வருதா? அரும்பாவூர் சிற்பமும் சின்ன வெங்காயமும் சமூக வலைதளத்தில் விற்பது எப்படி?

மரத்தூள் பறக்கிறது. உளி நகர நகர ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை மெல்ல வெளியே வருகிறது. முப்பது விநாடி ரீல்ஸ். பின்னணியில் ஏதோ ஒரு சினிமா பிஜிஎம். கீழே கமென்ட்டில் இதயங்களும் கும்பிடும் கைகளும் வரிசைகட்டி நிற்கின்றன. நடுநடுவே வேறு மாதிரியான சில கமென்ட்டுகள். "என்ன மரம் ப்ரோ?", "ரெண்டடி எவ்ளோ ஆகும்?", "கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா?", "வெயில்ல வெடிப்பு விடாதா?"

இதயம் போட்டவருக்கு வீடியோ பிடித்திருக்கிறது. கேள்வி கேட்டவருக்குப் பொருள் பிடித்திருக்கிறது. இந்த இரண்டு பேரில் யாருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், கைவினைப் பொருள் விற்கும் எந்தப் பக்கத்தையாவது திறந்து பாருங்கள். கேள்விகளுக்குக் கீழே ஒன்று வெறுமையாக இருக்கும், இல்லையென்றால் 'டிஎம் ப்ளீஸ்' என்று இருக்கும். ஆன்லைன் வியாபாரத்தில் பெரும்பாலான ஆர்டர்கள் கைநழுவுவது இந்த இடத்தில்தான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். (இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்து பிரிந்து, சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தவை.) இங்கே செய்வதும் விளைவதும் ஏராளம். ஆனால் விற்கும்போது ஊர்ப்பெயர் காணாமல் போய்விடுகிறது. முந்திரி என்றால் எல்லாருக்கும் பண்ருட்டிதான் நினைவுக்கு வரும். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கமும் முந்திரிக் காடுதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெயங்கொண்டம் சுற்றுவட்டாரத்தில் இலையூர், வாரியங்காவல் போன்ற ஊர்களில் தறிச் சத்தம் கேட்கும். அந்தப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவருக்கு அந்த ஊர்களின் பெயரே தெரியாது. செய்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் நாலு கை. யாரும் யாரையும் பார்த்ததில்லை.

சமூக வலைதளம் அந்த நாலு கையில் இரண்டையாவது குறைக்கும். எப்போது? அதை போஸ்டர் ஒட்டும் சுவராக மட்டும் பார்க்காமல், பேச்சு நடக்கிற திண்ணையாகப் பார்க்கும்போது.

பேச்சு எப்படிக் காசாகிறது?

முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. ஆன்லைன் வணிகம் தொடங்கிய நாளிலேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய இபே தளத்தில் யாரோ ஒருவர் பழைய பொருளை விற்பார், வேறு ஏதோ ஊரில் இருப்பவர் வாங்குவார். ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? அடுத்த வருடமே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதலாம், அதை எல்லாரும் படிக்கலாம். இன்றைக்கு நாம் பார்க்கும் ஸ்டார் ரேட்டிங், ரிவியூ எல்லாம் இந்தக் குடும்பத்தில் வந்தவைதான்.

இன்னொரு கதை டெல் நிறுவனத்துடையது. 2005-ல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர், தான் வாங்கிய டெல் லேப்டாப்பும் அதற்குக் கிடைத்த சர்வீஸும் எவ்வளவு மோசம் என்று இணையத்தில் எழுதினார். எங்களுக்கும் இதே கதைதான் என்று பலர் வந்து சேர்ந்துகொள்ள, பெரிய விவகாரமாகிவிட்டது. டெல் இதிலிருந்து பாடம் கற்றது. 2007-ல் வாடிக்கையாளர்களே யோசனை சொல்லவும், அதற்கு ஓட்டுப் போடவும் தனித் தளம் திறந்தது. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்று அங்கே பலர் கேட்டார்கள். அதே வருடம் டெல் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. எதை விற்றால் ஓடும் என்பதை வாங்குகிறவர்களே இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

டெல் எங்கே, நம்ம ஊர் உளிப் பட்டறை எங்கே என்று தோன்றலாம். உண்மையில் இந்த வேலை சின்ன ஆளுக்குத்தான் சுலபம். டெல்லுக்கு இதற்கென்று ஒரு டீமே தேவைப்பட்டது. சிற்பிக்கு ஒரு போன் போதும்.

பதினைந்து பேர் போதும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை தாலுகாவில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். இங்கேயும் பக்கத்தில் தழுதாழையிலும் மரச்சிற்பிகள் வேலை பார்க்கிறார்கள். சாமி சிலைகள், தேர் வேலை, கோயில் வாகனங்கள் என்று எல்லாம் உண்டு. வாகை, மா, வேம்பு என மரத்துக்கு ஏற்ற வேலை. சிலையை ஒரே மரத்துண்டில் செதுக்குவது இங்கத்திய சிறப்பு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது.

புவிசார் குறியீடு கிடைத்தால் ஆர்டர் கொட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெயரைக் காப்பாற்றும் சட்டம். வேறு ஊரில் செய்துவிட்டு 'அரும்பாவூர்' என்று போட்டு விற்க முடியாது. ஆனால் அந்தப் பெயரைத் தேடி ஒருவர் வரவேண்டுமே? அந்த வேலையைச் சட்டம் செய்யாது.

இங்கே ஒரு சின்ன கணக்கு. நல்ல வேலைப்பாடுள்ள ஒரு சிலைக்குச் சராசரியாக மூன்றரை வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக வேலை பார்க்கும் ஒருவரால் வருடத்துக்குப் பதினைந்து சிலை செய்ய முடியும். அப்படியென்றால் அவருக்குத் தேவை பதினைந்து வாடிக்கையாளர்கள். பத்து லட்சம் வியூஸ் இல்லை. ஒருவேளை வீடியோ வைரலாகி, ஒரே இரவில் ஐநூறு பேர் விலை கேட்டால் அதுவே தலைவலி. பதில் வராத நானூற்றுச் சொச்சம் பேரில் சிலர் 'ரெஸ்பான்ஸே இல்ல, வேஸ்ட்' என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் உதாரணம் காட்டுவது புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனலைத்தான். 2018-ல் ஆரம்பித்து, 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல். தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைப்பதை உலகமே பார்க்கிறது. பிரமாதமான வெற்றி. ஆனால் அது வேறு தொழில். அங்கே விற்கப்படும் பொருள் வீடியோதான். பார்ப்பவர் எண்ணிக்கைதான் வருமானம். சிலை விற்பவரோ புடவை விற்பவரோ அந்த எண்ணிக்கையைத் துரத்தினால், உளியைக் கீழே வைத்துவிட்டு கேமராவைத் தூக்க வேண்டியதாகிவிடும்.

சரி, அந்தப் பதினைந்து பேரை எப்படிப் பிடிப்பது? முதலில் பார்த்த கமென்ட்டுகளுக்கே திரும்பிப் போகலாம்.

"வெடிப்பு விடாதா?" என்ற கேள்வி மரச்சிலை வாங்க நினைக்கும் எல்லாருடைய மனதிலும் இருக்கும். கேட்டவர் ஒருவர், கேட்காமல் நகர்ந்தவர் ஐம்பது பேர். இதற்கு டிஎம்மில் பதில் சொன்னால் ஒருவருக்குத்தான் போய்ச் சேரும். கமென்ட்டிலேயே, "நல்லா காய்ஞ்ச மரத்துலதான் செய்றோம் சார். நேரடி வெயில், ஏசி காத்து படுற இடத்துல வைக்க வேண்டாம்" என்று எழுதினால் ஐம்பது பேருக்கும் போய்ச் சேரும். அதைவிட நல்லது, மரம் எப்படிக் காய வைக்கப்படுகிறது என்று காட்டும் ஒரு நிமிட வீடியோ. அடுத்த வீடியோவுக்கு என்ன தலைப்பு வைப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போன வீடியோவின் கேள்விகளே அடுத்த வீடியோக்கள்.

விலை கேட்டால் விலையைச் சொல்லிவிடலாம். 'டிஎம் பண்ணுங்க' என்றால், ஆளைப் பார்த்து விலை வைக்கிறார்கள் என்றுதான் பலருக்குத் தோன்றும். சிலைக்குச் சிலை விலை மாறும் என்றால், "ஒரு அடி இந்த விலையில் ஆரம்பம், வேலைப்பாட்டைப் பொறுத்து கூடும்" என்று எழுதலாம். பேரம் பேச மட்டும் வருகிறவர்கள் அங்கேயே குறைந்துவிடுவார்கள். நேரம் மிச்சம்.

ஆர்டர் உறுதியான பிறகுதான் இந்த இணையத்தின் உண்மையான பலம் தெரியும். பென்சில் கோடு போட்டதும் ஒரு போட்டோ, முகம் திறந்ததும் ஒரு போட்டோ என வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு லாபம். கை இப்படி இருக்கட்டுமா, அப்படி இருக்கட்டுமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கடைசியில் 'நான் கேட்டது இது இல்ல' என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்னொன்று, அந்த போட்டோக்களை வாங்குகிறவர் தானாகவே குடும்ப குரூப்பில் போடுவார். அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது, செலவும் கிடையாது.

பட்டு நெய்பவர்களுக்கும் இதே கதைதான், கேள்வி மட்டும் வேறு. "ஒரிஜினல் பட்டா?" இதற்கு வாயால் பதில் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. ஒரு இழையை எடுத்து நெருப்பில் காட்டி, முடி கருகும் வாசனையும் விரலில் பொடியாகும் சாம்பலுமாக இருப்பதைக் கேமரா முன்னால் செய்து காட்டுங்கள். சில்க் மார்க் லேபிள் இருந்தால் அதையும் காட்டலாம். தறியில் இருக்கும்போதே வீடியோ கால் போட்டு நிறத்தைக் காட்டினால், போட்டோவில் ஒரு கலர், கையில் ஒரு கலர் என்ற சண்டையும் குறையும். இன்ஸ்டா புடவைக் கடைகளில் 'பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் ரிட்டர்ன்' என்று போட்டிருப்பார்களே, அந்த விதியே இப்படிப்பட்ட சண்டைகளில் பிறந்ததுதான்.

வெங்காயத்துக்கு ரீல்ஸ் எடுபடுமா?

சிலை காத்திருக்கும். வெங்காயம் காத்திருக்காது.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றால் பெரம்பலூர்தான் முன்னணி. ஆலத்தூர் தாலுகா செட்டிக்குளம் பக்கமெல்லாம் இதுதான் பிழைப்பு. நட்டு எழுபது நாள் வாக்கில் அறுவடை. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விளைந்தால் விலை தரைக்கு வந்துவிடும். பட்டறை போட்டு இருப்பு வைத்து விலை ஏறும்வரை காத்திருப்பவர்களுக்கும், மழையோ அழுகலோ வந்தால் இருப்பு போய்விடும். இன்றைக்கு மண்டியில் என்ன விலை என்பதை இப்போது வாட்ஸ்அப் குரூப்பிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் விலை தெரிவதும், விலை கிடைப்பதும் ஒன்றில்லையே.

2020 ஊரடங்கின்போது ஈரோடு மாவட்டம் தாளவாடிப் பகுதி விவசாயி ஒருவர், வாங்க ஆளில்லாமல் வயலிலேயே நின்ற முட்டைக்கோஸ் பற்றி ட்விட்டரில் வீடியோ போட்டார். அது பரவி, பெங்களூரு வரை போய், வாங்க ஆள் கிடைத்தது. அது ஒரு நெருக்கடியில் நடந்த நல்ல காரியம். அதை வழக்கமான வியாபாரமாக நம்ப முடியாது. ஒவ்வொரு அறுவடைக்கும் 'காப்பாத்துங்க' வீடியோ போட்டால் மூன்றாவது முறை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேலைக்கு ஆகக்கூடியது, அறுவடைக்கு முன்பே பேசுவது. திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், "இன்னும் இருபது நாள்ல அறுவடை. அஞ்சு கிலோ பை. எத்தனை வீட்டுக்கு வேணும்?" என்று ஒரு பதிவு. அறுபது வீடு கை தூக்கினால் முந்நூறு கிலோ; ஒரு வண்டி வாடகைக்குக் கட்டுப்படியாகும். பத்து வீடு என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், பேசாமல் மண்டிக்கே அனுப்பிவிடலாம். மொத்த விளைச்சலையும் இப்படி விற்க முடியாது. திருச்சி, திண்டுக்கல் மண்டிகளின் தேவை எப்போதும் இருக்கும். பத்தில் ஒரு பங்கை நேரடியாக விற்றாலும், அந்த ஒரு பங்குக்கு விலையை விவசாயியே சொல்கிறார்.

முந்திரிக்கு இந்த வழி இன்னும் நன்றாகப் பொருந்தும். கெடாது, கூரியரில் போகும், தீபாவளிக்குத் தேவை எகிறும். உடைத்துப் பருப்பாக, பாக்கெட்டில் விற்றால் மட்டும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண் வேண்டும். 'வீட்லதானே பண்றோம்' என்பது விலக்கு ஆகாது.

கடை எங்கே இருக்கிறது?

கங்கைகொண்ட சோழபுரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2004-ல். 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்துபோனார். அன்றைக்கு நாடே அந்த ஊரை டிவியில் பார்த்தது. இப்படி வருகிற சுற்றுலாப் பயணி காரை விட்டு இறங்கியதும் போனில் தேடுவது 'பக்கத்துல சாப்பாடு', 'பக்கத்துல பட்டு' போன்றவற்றைத்தான். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் காசு இல்லை. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டு, வாசல் போட்டோ, திறந்திருக்கும் நேரம், போன் நம்பர் கொடுத்தால் போதும். வருகிற ரிவியூவுக்கு ஒரு வரி பதில் எழுதுவது அவசியம், முக்கியமாகத் திட்டி எழுதியவருக்கு. "சாரி மேடம், அன்னிக்குக் கூட்டம், லேட் ஆயிடுச்சு" என்ற பதிலைத் திட்டியவர் படிக்கிறாரோ இல்லையோ, அடுத்து வரப்போகிறவர் படிப்பார்.

தெரிந்தவர்களை வைத்து ஐந்து ஸ்டார் போட வைப்பது சிலருக்குப் பழக்கம். ஒரே நாளில் இருபது 'சூப்பர்' வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆன்லைன் ரிவியூக்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-லேயே தரநிலை வெளியிட்டிருக்கிறது. அதேபோல, இன்ஃப்ளூயன்சருக்குப் பணமோ இலவசப் பொருளோ கொடுத்து வீடியோ போட வைத்தால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

வரி விஷயத்தில் பலரும் குழம்பும் ஒரு இடம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு உதவாது, பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. மரச்சிற்பம் அந்தப் பட்டியலில் வரும், முந்திரி வராது. பெங்களூரு ஆர்டர் வரத் தொடங்கும்போது ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பேச்சு நடக்கிற இடத்துக்குத் திருடனும் வருவான். 'ராணுவத்துல இருக்கேன், நாலு சிலை வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று ஒரு மெசேஜ் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம்; பின் கேட்டாலே பணம் போகப்போகிறது என்று அர்த்தம். 'பே பண்ணிட்டேன்' என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம். வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்த்த பிறகே பார்சல். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

வாடகைத் திண்ணை

இத்தனையும் நடக்கிற இடம் நமக்குச் சொந்தமானது இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களுக்கு மத்திய அரசு தடை விதித்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் மறுநாள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தே ஆறு மணி நேரம் வாக்கில் முடங்கின. கணக்கு ஹேக் ஆவது, காரணமே சொல்லாமல் முடக்கப்படுவது எல்லாம் தினமும் எங்கேயாவது நடக்கிறது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து வைப்பது பூட்டுப் போடுவது மாதிரி. ஆனால் வீட்டுக்காரரே காலி செய்யச் சொன்னால் பூட்டு என்ன செய்யும்?

அதனால் இன்ஸ்டாவில் பழகியவரை வாட்ஸ்அப்புக்கும், வாட்ஸ்அப்பில் இருப்பவரை போன் நம்பருக்கும் கொண்டு வந்துவிட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் கேட்லாக், லேபிள், ரெடிமேட் பதில் எல்லாம் இலவசம். பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். பலர் கவனிக்காத ஒன்று: உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். பார்சலோடு ஒரு சின்ன அட்டையில், "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கங்க, அடுத்த வேலைப்பாடு முடிஞ்சதும் போட்டோ அனுப்புறோம்" என்று எழுதி வைப்பது இதற்காகத்தான்.

அப்புறம், ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர், ஊர், போன் நம்பர், என்ன வாங்கினார், எந்தத் தேதி என்று எழுதி, கடைசியில் ஒரு கட்டம் காலியாக விடலாம், வாங்கிய பிறகு அவர் வேறு என்ன கேட்டார் என்று எழுத. பிள்ளையார் வாங்கிய நாலு பேர் தனித்தனியாக, 'இதே மரத்துல சின்னதா ஒரு பூஜை மணை கிடைக்குமா?' என்று கேட்டிருப்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.